ஃபேன் நின்னாத் தெரியிற பேரு

ஓடைப்பட்டி
26-6-2024, புதன்கிழமை

காளியாத்தா துணை.

லதாவுக்கு அத்தை கஸ்தூரி எழுதுறது. நான் நல்லாருக்கேன்னு எழுதினாப் பொய்யாப் போகும், அதுனால எழுதல. நீ சாப்பிட்டியா?

கையில போனு இருக்கும்போது அத்தை எதுக்குக் காயிதம் எழுதுறான்னு நெனைப்ப. ஞாயித்துக்கிழமை நீ எங்க வாசல்ல நின்னு போட்ட சத்தத்துக்கு, நான் சூடத்தக் கொளுத்தி உள்ளங்கையில வச்சு, "இவளா வந்து ஆத்தா முன்னால என்னைய அத்தைன்னு கூப்பிடுற வரைக்கும் இவகூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்"னு சத்தியம் பண்ணிட்டேன்ல. தெருவே பாத்துச்சு. கொப்புளம் இன்னும் ஆறல. ஆனா எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணல. பூசாரி முத்துராஜாகிட்டயும் கேட்டுக்கிட்டேன். "எழுதுறது பேச்சுல சேராது, நீ எழுது"ன்னாரு. அதான் ஒங்க மாமா கையில குடுத்துவிடுறேன்.

நான் கேக்குறேன், நான் என்ன களவாணியா? ஒனக்கு ஆபீசர் வேலை குடுத்த கவர்மெண்டு, மலையில இருக்குற பள்ளிக்கூடத்தையெல்லாம் போயிப் பாருன்னு சொன்னுச்சு. எதுல ஏறிப் போறதுன்னு சொல்லுச்சா? ஜீப்பு குடுத்துச்சா? மொத மாசம் நீ முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே வந்து, "மாமா, ஊத்துப்பாறைக்குப் போகணும், பஸ்ஸே இல்ல"ன்னு நின்ன. தோட்ட வேலைக்குப் பொம்பளைகள ஏத்துற ஜீப்புல ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போனாக ஒங்க மாமா. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் டீசல் எங்களுது. எங்கண்ணன் மகளாச்சே, கேப்பமா?

மாசி மாசம் அந்த ஊத்துப்பாறை ஹெச்.எம். பாண்டியராஜன் வீட்டுக்கு வந்தாரு. "அம்மா, மேடம் வர்ற செலவு ஒங்க தலையில விழுகுது. எந்த ஆபீசர் வந்தாலும் டீசலு நாங்கதான் பாக்குறது, வழக்கம்"னு கவரை நீட்டுனாரு. நான் விரலால கூடத் தொடல. "சார், இது எங்க வீட்டு நெலையத் தாண்டக் கூடாது. ஒங்களுக்கு மனசு கேக்கலைன்னா, ஆத்தா மண்டபத்துல ஃபேன் இல்லாம சனம் வேகுது, அங்கன செய்யுங்க"ன்னேன். பங்குனிப் பொங்கலுக்கு ஃபேன் வந்துருச்சு. பெயிண்டரு யாரு பேரு எழுதணும்னு கேட்டான். டீசல் நம்மளுது, அலைச்சல் ஒன்னுது. அப்பப் புண்ணியமும் ஒனக்குத்தான சேரணும்? ஒரு றெக்கையில உபயம், ஒண்ணுல ஒம் பேரு, ஒண்ணுல ஒன் வேலைன்னு மஞ்சப் பெயிண்டுல எழுதச் சொன்னேன்.

இதுக்கா அந்தச் சத்தம்? "ஒங்களால எம் பொழப்பே போச்சு"ன்னு சொல்லிட்டுப் போன. என்னான்னு வெவரம் சொன்னியா? வெவரத்த எழுது. சுடுதண்ணி குடி, அந்தத் தேவாரம் ஊருத் தண்ணி ஒனக்குச் சேராது.

கஸ்தூரி அத்தை


தேவாரம்
30-6-2024

அத்தைக்கு,

மாமா கடிதத்தோட ஒரு பை பன்னீர் திராட்சையும் வச்சிட்டு, ஒண்ணும் பேசாமப் போயிட்டாக. அவுகளும் சத்தியம் பண்ணியிருக்காகளா?

சத்தம் போட்டது தப்புதான். வெவரம் இதுதான்.

நான் வந்து சத்தம் போட்டதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஊத்துப்பாறைக்கு யாருக்கும் சொல்லாமப் போனேன். மாமாகிட்டக்கூட முன்னாடியே சொல்லல. விடியக்காலம் ஜீப்புல ஏறி, தோட்டத்துப் பொம்பளைக மடியில பாதியும் சீட்டுல பாதியுமா ஒக்காந்து போனேன். பள்ளிக்கூடம் பூட்டியிருந்துச்சு. பூட்டுல துரு. பிள்ளைக ஏலக்காய் காயுற பாய்க்குக் காவல் இருந்துச்சுக. சங்கிலியம்மாள்னு ஒரு அம்மா, "இன்னைக்கு ஆபீசர் வர்றதாச் சொல்லலையே, சொல்லியிருந்தாப் பிள்ளைக்குத் தலை சீவி அனுப்பியிருப்பேனே"ன்னு எங்கிட்டயே கேட்டாக. நாந்தான் ஆபீசர்னு சொல்ல எனக்கு வாய் வரல.

நான் இத்தனை நாளாப் போயிப் பாத்தது எனக்காகத் தொறந்து வச்ச பள்ளிக்கூடம், அத்தை. ஜீப்பு வேணும்னு நான் மாமாகிட்டச் சொல்லுவேன். நீங்க பாண்டியராஜன் சாருக்குப் போனப் போட்டு, "எம் மருமக நாளைக்கு வர்றா, வெறும் வயித்தோட அனுப்பிறாதீக"ன்னு சொல்லுவீங்க. நீங்க எம் பசிக்குத்தான் சொன்னீங்க. அவரு அதை வச்சுக் கதவத் தொறந்தாரு.

நான் ரிப்போர்ட் எழுதினேன். அனுப்புறதுக்கு முன்னாடி அவரு ஆபீசுக்கு வந்தாரு. போனுல ஒரு போட்டோ காட்டுனாரு. ஃபேனு, எம் பேரு, என் பதவி. "கரண்டு போனப்ப எடுத்தது மேடம், பளிச்சுன்னு விழுந்திருக்கு பாருங்க. நான் வாங்கிக் குடுத்த ஃபேனு. பில்லு எம் பேருல இருக்கு. நீங்க அந்தக் காயிதத்தக் கிழிங்க, நான் இந்தப் போட்டோவ அழிச்சிர்றேன்"னு சிரிச்சாரு.

ரிப்போர்ட் மேஜை டிராயர்ல கிடக்கு. அனுப்பினா, நான் லஞ்சம் வாங்கினவ. அனுப்பலைன்னா, அந்தப் பிள்ளைக காலம் பூரா பாய்க்குக் காவல்.

அவரை மட்டும் சொல்லி என்ன? நான் எழுதுற பேப்பர் ஒரு ஹெச்.எம். குடுத்த பண்டல். பிரிண்டர் மை இன்னொருத்தரு. நான் ஒக்காந்திருக்குற நாற்காலி ஒரு நடுநிலைப் பள்ளியில இருந்து தூக்கியாந்தது. ஆபீஸ் செலவுக்குன்னு வர்றது ஆயுத பூசைக்குப் பொரி வாங்கக்கூடப் பத்தாது. எதைத் தொட்டாலும் யாரோ ஒருத்தரு உபயம். ஃபேனுல மட்டுந்தான் பேரை எழுதியிருக்கு.

லதா


ஓடைப்பட்டி
5-7-2024, வெள்ளிக்கிழமை

காளியாத்தா துணை.

ஆத்தா லதா, ஒங் காயிதத்தப் படிச்சதுலருந்து எனக்குச் சோறு எறங்கல. அந்த ஆளு வாயில ஒவ்வொரு தடவையும் "சாப்பாடு ரெடியா இருக்கும்மா"ன்னு தேனா ஒழுகும். நானும் என்ன நல்ல மனுசன்னு ஆத்தாகிட்ட அவருக்கும் சேத்து வேண்டிக்கிட்டேனே!

ஒரு காரியம் செஞ்சேன், கோவிச்சுக்காத. பேரு இருக்கப் போயித்தான வம்பு, அதை அழிச்சிருவோம்னு மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துக்கிட்டு, மத்தியானம் யாரும் இல்லாத நேரமாப் பாத்து, கோயில் ஏணியப் போட்டு ஏறிட்டேன். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு! ஏறின பெறகுதான் கீழ பாத்தேன், தலை சுத்திருச்சு. ஃபேனு றெக்கையப் புடிச்சுக்கிட்டு "ஆத்தா, ஆத்தா"ன்னு கத்துனேன். கமிட்டித் தலைவர் பால்பாண்டி ஓடியாந்து ஏணியப் புடிச்சாரு.

"மதினி, அங்கன என்ன செய்யிறீக?"

"தூசி தட்டுறேன்."

"மண்ணெண்ணெய் வச்சா?"

எறக்கிவிட்டு வெவரம் கேட்டாரு. சொன்னேன். சொல்லாம எனக்கு இருக்க முடியுமா? அவரு, "ஆத்தாளுக்குன்னு குடுத்தது குடுத்ததுதான். பேரை அழிக்கணும்னா ஊர்க்கூட்டம் போடணும். கூட்டம் போட்டா எதுக்குன்னு சொல்லணும்"னுட்டாரு. அழிக்கவும் முடியல, கழட்டவும் முடியல. அது பாட்டுக்குத் தலைக்கு மேல சுத்துது.

நேத்து அந்த ஆளும் வந்தாரு. தட்டுல மாதுளம்பழம், வெத்தல, பூவு எல்லாம் வச்சு. பொண்ணு கேக்க வந்தவரு கணக்கா. "அம்மா, மேடத்துக்கு நீங்க எடுத்துச் சொல்லுங்க. சின்னப் பிள்ளை, வேலை போயிட்டா அப்பறம் வருமா?"ன்னாரு. "ஏன் சார், பள்ளிக்கூடத்துப் பூட்டுல துரு ஏறிக் கிடக்காமே, அதுக்கு எண்ணெய் போடக் காசு இல்லையா? நான் வேணாக் கொஞ்சம் வெளக்கெண்ணெய் தரவா?"ன்னேன். தட்டத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. பூவு மட்டும் கீழ விழுந்துச்சு. நான் எடுக்கல.

இப்ப நான் சொல்றதக் கேளு. நீ ரிப்போர்ட்ட அனுப்பு. விசாரணைக்கு ஆளு வந்தா, நான் ஆத்தா முன்னால சூடத்த அணைச்சு, "இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது, பேரை எழுதச் சொன்னது நான்"னு சொல்லிப்புடுறேன். பொய்யும் இல்ல பாரு. நான் ஒங்கிட்டச் சொன்னதே இல்லையே. நீ, "ஆமா, எனக்குத் தெரியாது"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கெழவிய என்ன தூக்குலயா போடப் போறாக?

இன்னைக்கு வெள்ளிக்கிழமை விளக்கேத்தினப்ப ஒம் பேருக்கும் ஒரு திரி போட்டேன்.

அத்தை


தேவாரம்
10-7-2024

அத்தைக்கு,

ரிப்போர்ட் போயிருச்சு. அது போன மறுநாளே போட்டோவும் மேலாபீசுக்குப் போயிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஒங்க கோயில்லயே வந்து விசாரிக்கிறாகளாம். ஃபேனப் பாக்கணுமாம்.

இன்னொண்ணும் வந்துச்சு. ஒரு வருசமா நான் போட்ட பயணப்படி பில்லு. பணம் வரல, பில்லே திரும்பி வந்திருக்கு. ஓரத்துல செவப்பு மையில, "ஊத்துப்பாறைக்குச் சென்று வந்த பேருந்துப் பயணச்சீட்டு இணைக்கப்படவில்லை"ன்னு எழுதியிருக்கு. பஸ்ஸே போகாத ஊருக்கு பஸ் டிக்கெட் கேக்குறாக. டிக்கெட் இல்லைன்னா நான் போகவே இல்லைன்னு அர்த்தமாம். போகலைன்னா ஏன் போகலைன்னு மெமோ வரும். நான் சிரிச்சேன். ஆபீஸ்ல எல்லாரும் என்னைய ஒரு மாதிரி பாத்தாக.

அத்தை, நீங்க சூடத்த அணைக்க வேணாம். தயவுசெஞ்சு வேணாம்.

பங்குனிப் பொங்கல் அன்னைக்கு நான் ஒங்க கோயிலுக்கு வந்தேன்ல. அன்னதானப் பந்தியில எனக்கு நடு மண்டபத்துல எலை போட்டாக. சாம்பாருக்குக் கை நீட்டும்போது கரண்டு போச்சு. எல்லாரும் "ஐயோ"ன்னாக. நான் மேல பாத்தேன். ஃபேனு மெதுவா நின்னுச்சு. மொதல்ல உபயம், அப்பறம் எம் பேரு, அப்பறம் என் வேலை, ஒவ்வொண்ணா எங் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. பக்கத்துல இருந்தவுக, "பரவால்லையே, ஒங்க ஃபேனா?"ன்னு கேட்டாக. நான் சிரிச்சேன். இல்லைன்னு சொல்லல.

யாரு வாங்கினதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் வாங்கல, நீங்க வாங்குறதா இருந்தா எங்கிட்ட நூறு தடவை சொல்லியிருப்பீங்க. அப்ப வேற யாரோன்னு தெரியும்ல? கேட்டிருக்கலாம். கேக்கல. எங்கப்பா இருந்திருந்தாப் பாத்துச் சந்தோசப்பட்டிருப்பாருன்னு நெனைச்சேன். கரண்டு வந்துச்சு. காத்து நல்லா வந்துச்சு. சாப்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டேன்.

அதுனால, "எனக்குத் தெரியாது"ன்னு நான் சொல்ல மாட்டேன். பூட்டுன பள்ளிக்கூடத்தைத் தொறந்திருக்குன்னு எழுதினவரைப் பொய்யர்னு ரிப்போர்ட் எழுதிட்டு, அந்தக் கையாலயே நான் இதை எழுத முடியாது.

லதா


ஓடைப்பட்டி
20-7-2024, சனிக்கிழமை

காளியாத்தா துணை.

அடி பாவி மகளே. ஆடி மொத வெள்ளி. ஊரே கூழு ஊத்திக்கிட்டிருந்த அன்னைக்கு, எங்கண்ணன் மக தலை குனிஞ்சு நிக்கிறத நான் பாக்கணும்னு ஆத்தா எழுதிவச்சிருக்கா.

நான் சூடத்தைக் கையிலயே வச்சிருந்தேன். நீ வேணாம்னு எழுதினாலும் ஒரு நெனப்பு, நான் முந்திக்கிட்டுச் சொல்லிப்புடலாம்னு. அந்த ஆபீசரு எங்கிட்ட, "யாரு எழுதச் சொன்னது?"ன்னு கேட்டாரு. "நாந்தேன்"னேன். "இந்த மேடத்துக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாரு. நான் சூடத்தப் பத்தவைக்கத் தீப்பெட்டிய உரசுறேன், நமத்துப் போச்சு, இன்னொரு குச்சி உரசுறேன். அதுக்குள்ள நீ, "தெரியும் சார். பங்குனியில பாத்தேன். யாரு செலவுன்னு விசாரிக்கல"ன்னுட்ட. பாண்டியராஜன் மூஞ்சியப் பாத்தியா? பொய் சொல்லுவன்னு எதிர்பாத்து வந்தவரு, நீட்டிக்கிட்டிருந்த போனப் பையில போட்டுக்கிட்டாரு.

அதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் எனக்கு ஆறவே இல்ல. ஆத்தா முன்னாலதான நின்ன? நான் ஒனக்கு எதுக்கதான நின்னேன்? ஆபீசரு, "இவுக யாரு?"ன்னு கேட்டதுக்கு, "திருமதி கஸ்தூரியம்மாள், ஜீப் உரிமையாளர் மனைவி"ன்னு சொன்ன. அத்தைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அங்கனயே எஞ் சத்தியம் தீர்ந்துருக்கும். நான் ஒன்னையக் கட்டிப்புடிச்சு அழுதுருப்பேன். சொந்தம்னு சொன்னாக் கூட்டுச் சேந்து செஞ்சதா எழுதிருவாகன்னு நீ பயந்திருப்ப. எனக்கு வெளங்குது. வெளங்குனதுக்காக வலிக்காமப் போகுமா?

கூழு குடிக்கக் கூப்பிட்டேன் கைச் சாடையில. நீ பாக்காத மாதிரி போயிட்ட.

இன்னொரு கூத்தையும் கேளு. விசாரணை முடிஞ்சு அந்த ஆபீசரு பஸ் ஸ்டாப்புல நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. சாயங்கால பஸ்ஸு வரல. அவருக்கும் ஜீப்பு இல்லையாம்! கடைசியில பால்பாண்டி வந்து ஒங்க மாமாகிட்ட, "அண்ணே, அவரக் கொண்டுபோயி விட்டுட்டு வாங்க, பாவம்"னாரு. ஒங்க மாமா கொண்டுபோயி விட்டுட்டு வந்தாக. "டீசலுக்கு ஏதாவது குடுத்தாரா?"ன்னு கேட்டேன். "எறங்கும்போது ரொம்ப நன்றின்னாரு"ன்னாக. அவ்வளவுதேன்.

அந்தத் தீப்பெட்டி நமத்துப் போனது ஆத்தா செயல்னு பூசாரி சொல்றாரு. என்னையப் பொய்ச் சத்தியத்துலருந்து காப்பாத்தினாளாம். அப்ப ஒன்னைய யாரு காப்பாத்துறது?

அத்தை


2-9-2024

அத்தைக்கு,

விலாசம் பின்னாடி எழுதியிருக்கேன். திடீர்னு ஆர்டர் வந்துச்சு, சொல்லிட்டு வர நேரமில்ல. நேரம் இருந்திருந்தாலும் அந்த மண்டபத்துல வந்து நின்னு கூப்பிட எனக்குத் தைரியம் வந்திருக்காது. கரண்டு போயிருமோன்னு பயமாவே இருந்திருக்கும்.

வேலை போகல. சம்பள உயர்வ நிறுத்தியிருக்காக. கடலோரத்துக்கு மாத்தியிருக்காக. இங்கன காத்து உப்பா இருக்கு. ஃபேனே தேவையில்ல.

நான் பாக்க வேண்டிய பள்ளிக்கூடத்துல ஒண்ணு தீவுல இருக்கு. ஆபீஸ்ல படகு கிடையாது. படகுக்கு எதுல பில் போடுறதுன்னு கேட்டேன். எழுத்தர் விஜய்பாண்டி நம்ம பக்கத்துப் பையன்தான், சின்னமனூர். "மேடம், படகுக்கெல்லாம் பயணச்சீட்டு யாரு குடுக்குறா? அந்த ஹெச்.எம்.மே படகு ஏற்பாடு பண்ணிருவாரு. முன்னாடி இருந்தவுகளும் அப்படித்தான் போனாக"ன்னு சொன்னான். அவன் தப்பா ஒண்ணும் சொல்லல. அன்பாத்தான் சொன்னான்.

இன்னைக்குக் காலையில கரைக்குப் போனேன். படகு நின்னுச்சு. ஹெச்.எம். கை குடுத்தாரு, "பாத்து ஏறுங்க மேடம், தீவுல நண்டுக் கொழம்பு வச்சுச் சாப்பாடு சொல்லியிருக்கேன்"னு. நான் ஏறல. தலைவலின்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். எத்தனை நாளைக்குத் தலைவலின்னு சொல்லுவேன்? ஏறினா அவரு காட்டுற பள்ளிக்கூடம். ஏறலைன்னாப் பள்ளிக்கூடமே இல்ல.

எனக்கு யார்கிட்டயாவது பேசணும் அத்தை. போன் அடிக்கிறேன். எடுங்க. நாந்தான் கூப்பிடுறேன், அத்தை, அத்தை, அத்தை. இது போதாதா?

லதா


ஓடைப்பட்டி
10-9-2024, செவ்வாய்க்கிழமை

காளியாத்தா துணை.

ஆத்தா லதா, ஒங் காயிதத்துல அத்தை, அத்தைன்னு இருந்ததத் தடவித் தடவிப் பாத்தேன். நீ அடிச்ச போனு எல்லாம் அடிச்சு அடிச்சு நின்னுச்சு. கையில வச்சுக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கல.

ஒங் காயிதத்த ஆத்தா காலடியில வச்சு, பூக்கட்டிப் போட்டுக் கேட்டேன். வெள்ளைப் பூ வந்தாப் பேசலாம், செவப்பு வந்தாக் கூடாதுன்னு. செவப்பு வந்துச்சு. முத்துராஜா சொன்னாரு, "மண்டபத்துல வந்து கூப்பிடணும்னுல்ல சொன்ன, காயிதத்துல கூப்பிட்டா எப்படித் தீரும்?"னு. எழுத்து பேச்சுல சேராதுன்னு எனக்குச் சாதகமாச் சொன்ன அதே வாயிதேன். கூட ஒரு தடவை போடுங்கன்னு சண்டை போட்டேன். மறுபடியும் செவப்பு. இந்த நாக்கு ஊரையே வித்துரும்னு ஒங்கப்பா சொல்லுவாரு. இப்பப் பாரு, ஒனக்கு வேணுங்கிற நேரத்துல கட்டிக் கெடக்கு.

ஊர்ச் சேதி சொல்றேன். ஊத்துப்பாறையில அந்தப் பாண்டியராஜன் எடத்துக்குப் புதுசா சுகிர்தம்னு ஒரு டீச்சர் வந்திருக்கு. ராயப்பன்பட்டிப் பிள்ளை. மலையிலயே வீடு எடுத்துத் தங்கியிருக்கு. சங்கிலியம்மாள் ஜீப்புல எறங்கும்போது, "எம்மக இப்ப ஏலக்காய்க்குக் காவல் இருக்க மாட்டேங்குது, பள்ளிக்கூடம் போறேன்னு ஓடிருது, ஆள் சம்பளம் கொறையுது"ன்னு வஞ்சுச்சு. வையட்டும். காதுக்கு இனிச்சுச்சு.

ஒன் எடத்துக்கு ஒரு பையன் வந்திருக்கான், முத்துக்குமரன்னு பேரு. வந்த மறுநாளே பியூன் ஒங்க மாமாகிட்ட வந்து நிக்கிறாரு, "கர்ணன் அண்ணே, சாருக்கு மலைக்குப் போக ஜீப்பு வேணும், டீசலுக்கு ஒண்ணும் கவலைப்படாதீக, பள்ளிக்கூடத்துல பாத்துக்குவாக"ன்னு. ஒங்க மாமா என்னையப் பாத்தாக. நான் ஒங்க மாமாவப் பாத்தேன். குடுக்கலைன்னா அந்தப் பையன் எதுல போவான்? குடுத்தா மறுபடியும் அதே கதைதேன். கடைசியில ஒங்க மாமா, "தோட்டத்துப் பொம்பளைகளோட விடியக்காலம் வரச் சொல்லுங்க, அவுக குடுக்குறதக் குடுக்கட்டும். முந்தின நாள் யாருக்கும் சொல்லக் கூடாது"ன்னாக. அம்புட்டுப் பேச்சு அவுக பேசி நான் பாத்ததே இல்ல. பியூன் கேட்டாரு, "டிக்கெட் குடுப்பீகளா?"ன்னு.

படகுல ஏறவான்னு கேட்டிருக்க. ஏறுன்னு எழுதப் போனேன், கை நின்னுருச்சு. ஏறாதன்னு எழுதப் போனேன், அந்தத் தீவுப் பிள்ளைகளுக்கும் ஒரு பாய் காயப்போட்டிருப்பாகன்னு நெனப்பு வந்துருச்சு. எனக்குத் தெரியலடி.

ஆனா ஒண்ணு செய்வோம். பேச மாட்டேன்னுதான் சத்தியம். கேக்க மாட்டேன்னு சொல்லல. இத நான் பூசாரிகிட்டக் கேக்கல, ஆத்தாகிட்டயும் பூக் கேக்கல, கேக்கவும் போறதில்ல. நாளையிலருந்து மத்தியானம் பூசை முடிஞ்சதும் மண்டபத்துல, அந்த ஃபேனுக்கு அடியிலயே போயி ஒக்காந்திருப்பேன். நீ போன் அடி. எடுத்துக் காதுல வச்சுக்குவேன். நீ பேசு. படகப் பத்திப் பேசு, அந்த ஹெச்.எம்.மைப் பத்திப் பேசு, என்னைய வையணும்னா வையி. நான் "ம்"னு கூடச் சொல்ல மாட்டேன். போனு கட்டாயிருச்சோன்னு பயப்படாத. அந்த ஃபேனு இப்ப சுத்தும்போது கிறீச், கிறீச்னு ஒரு சத்தம் போடுது. அது கேட்டா அத்தை இருக்கேன்னு தெரிஞ்சுக்க.

கஸ்தூரி அத்தை